கோதுமைக் கப்பல் வரும் ஊரில் கோதுமை இல்லாத வெனிலா கேக்



சிறுவர் தினத்தன்று எங்கள் வகுப்பில் வெட்டிய கேக்கின் செய்முறையை நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வொய்ஸ் அனுப்பிக் களைத்துப் போனோம். அதனால் முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறோம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். செய்முறை மட்டும் போதும் என்பவர்கள் கடைசிப் பகுதிக்குப் போகலாம். ஆனால் நடுவில் உள்ளதை வாசிக்காமல் செய்தால் கேக் வரும், அது அந்தப் பிள்ளை சாப்பிடக்கூடிய கேக்காக இருக்குமா என்பதுதான் கேள்வி.

நாங்கள் என்றால் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிற மூன்று பேர். ஒருவர் கல்வியியற் கல்லூரியில் மனைப்பொருளியல் படித்தவர், இன்னொருவர் விஞ்ஞானம். மூன்றாமவருக்கு வீட்டில் ஓவன் இருக்கிறது. அதுவும் ஒரு தகைமைதான்.

எங்கள் தரம் 4 வகுப்பில் ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்குச் சீலியாக் என்று ஒரு நோய். உம்மாவிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறோம். பெயர், வீடு, பாடசாலை எதையும் எழுதமாட்டோம், தெரிந்தவர்களும் எழுத வேண்டாம். இரண்டு வருடமாக அவள் மெலிந்துகொண்டே போனாள். வயிற்று வலி, இரத்தச் சோகை, வகுப்பில் மேசையில் தலை வைத்துப் படுத்துக்கொள்வது. பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், இரும்புச் சத்துக் குளிசை கொடுத்தார்கள், "பிள்ளை சாப்பிடுறதில்ல போல" என்று உம்மாவுக்கும் ஏச்சு விழுந்தது. கடைசியில் ஒரு டொக்டர் இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்து, பிறகு கெமரா விட்டு சிறுகுடலில் சின்னத் துண்டு எடுத்துப் பார்த்துத்தான் காரணம் தெரிந்தது.

இது அலர்ஜி இல்லை. கோதுமையிலும் வாற்கோதுமையிலும் ரை தானியத்திலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் உடம்புக்குள் போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. குடலின் உட்புறத்தில் சடைத் துணி மாதிரி நிற்கும் சின்னச் சின்ன விரல்கள்தான் சத்தை உறிஞ்சுகின்றன. அவை தட்டையாகிப் போகின்றன. பிள்ளை எவ்வளவு சாப்பிட்டாலும் சத்து உடம்பில் சேராது. உலக அளவில் பார்த்தால் 100 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இருக்கக்கூடியது. மருந்து கிடையாது. வாழ்நாள் முழுக்கக் குளூட்டனை விடுவதுதான் ஒரே வழி, விட்டால் குடல் திரும்ப ஆறிவிடும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்து, சந்தேகம் வந்தால், நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். முதலில் டொக்டரிடம் போங்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செய்தால்தான் அந்தப் பரிசோதனைகளில் நோய் பிடிபடும். நிறுத்திவிட்டுப் போனால் 'ஒன்றுமில்லை' என்று முடிவு வரலாம்.

இதைக் கண்டுபிடித்த கதை விஞ்ஞான டீச்சருக்குப் பிடித்த கதை. நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்று ஒரு சிறுபிள்ளை வைத்தியர். கோதுமையில்தான் ஏதோ இருக்கிறது என்று யுத்தத்துக்கு முன்பிருந்தே அவருக்குச் சந்தேகம். 1944-45 குளிர்காலத்தில் அங்கே பெரும் பஞ்சம். பாண் கிடையாது, மக்கள் துலிப் செடியின் கிழங்கைக்கூட அவித்துச் சாப்பிட்டார்கள். ஊரே மெலிந்தபோது இந்த நோயுள்ள பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். பாண் திரும்பக் கிடைத்ததும் அவர்களுக்கு வருத்தம் திரும்பியது. 1950இல் அதை ஆய்வாக எழுதினார். அந்த நாட்டுக்காரர்கள் கட்டிய கோட்டை வாசலால்தான் நாம் பின்னேரம் மான் பார்க்கப் போகிறோம். ஊருக்கும் ஊருக்கும் எங்கெங்கோ முடிச்சு விழுந்துதான் இருக்கிறது.

நம்முடைய முடிச்சு சீனக்குடாவில். இலங்கையில் கோதுமை விளைவதில்லை, எல்லாம் கப்பலில் வருவது. அதில் நிறைய வந்து இறங்குவது நம் துறைமுகத்தில். 1980 முதல் பிறிமா ஆலை அங்கே மா அரைக்கிறது. ஒரே இடத்தில் இயங்கும் மா ஆலைகளில் உலகத்திலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று அது. நம் ஊரில் எத்தனையோ வீட்டில் அடுப்பெரிவது அந்த வேலையால். நாட்டின் பாணுக்கு மா கொடுக்கிற ஊரில்தான் இந்த மகள் பாண் சாப்பிட முடியாமல் இருக்கிறாள்.

பழைய ஆட்கள் கோதுமை மாவை இன்னும் 'அமெரிக்கன் மா' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வந்த சாமான் என்று அந்தப் பெயரே சொல்கிறது. 1942இல் ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் நம் துறைமுகத்தில் குண்டு போட்டது எல்லோருக்கும் தெரியும். அதே வருடம் பர்மா விழுந்ததும், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. கூப்பனுக்கு அரிசி சுருங்கி, கோதுமை மா வீட்டுக்குள் நுழைந்தது. அதன் பிறகு போகவேயில்லை. இன்று கடை இடியப்பத்தில் கோதுமை மா, பிட்டில் அவித்த கோதுமை மா, ஆப்ப மாவிலும் ஒரு பிடி. கன்ரீனில் ரோல்ஸ், பெட்டிஸ், பணிஸ், சமோசா. அந்த மகள் கன்ரீன் பக்கமே போகமாட்டாள்.

செப்டெம்பரில் சிறுவர் தினத்துக்கு என்ன செய்வது என்று பெற்றோரோடு பேசினோம். வழமைபோல ஒரு பெரிய கேக், ஆளுக்கொரு ரோல்ஸ் என்று முடிவானது. கூட்டம் கலைந்த பிறகு அவளுடைய உம்மா எங்களிடம் வந்தார்.

"டீச்சர், அவக்கு வேறயா ஒண்டும் தேட வேணாம். அவ பாத்துக்கிட்டு இருப்பா. அவக்குப் பழகிட்டு."

ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பழகிவிட்டதாம். அன்று ஸ்டாஃப் ரூமில் எங்கள் மூவருக்கும் தேத்தண்ணி இறங்கவில்லை.

தனியாக ஒரு சின்னக் கேக் வாங்கிக் கொடுக்கலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் வரும் யோசனை. அதில் இரண்டு சிக்கல். ஒன்று, அது அவளை இன்னும் தனியாக்கும். மற்றது, கணக்கு. குளூட்டன் இல்லாதது என்று ஒரு உணவைச் சொல்ல வேண்டுமென்றால், ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது சர்வதேச அளவுகோல். ஒரு கிராம் கோதுமை மாவில் ஏறத்தாழ 80 முதல் 100 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு கிராம் என்றால் அரைத் தேக்கரண்டியும் இல்லை. அது ஒரு கிலோ கேக்கில் விழுந்தாலே அளவு நான்கு மடங்கைத் தாண்டிவிடும். கோதுமைக் கேக் வெட்டிய கத்தி, ரோல்ஸ் தூள் ஒட்டிய கை, பக்கத்துப் பிள்ளை ஆசையாக ஊட்டிவிடும் ஒரு வாய், இவ்வளவும் வகுப்பறையில் உண்டு. "கொஞ்சம் சாப்பிட்டா ஒண்டும் ஆகாது" என்று கல்யாண வீட்டில் அந்தப் பிள்ளைக்குச் சொல்பவர்கள் தயவுசெய்து இந்தக் கணக்கை இரண்டு தரம் வாசியுங்கள்.

ஆகவே வகுப்பு முழுவதற்கும் ஒரே கேக், அது கோதுமை இல்லாத கேக், அன்றைக்கு ரோல்ஸும் இல்லை என்று தீர்மானித்தோம். ஒரு வாப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "ஒரு புள்ளைக்காக முப்பத்தி நாலு புள்ளையும் அரிசி மா கேக் திங்கணுமா டீச்சர்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், அவர் காசும் அதில் இருக்கிறது. "முதல்ல ருசி பாருங்க, பிறகு பேசுவம்" என்று மட்டும் சொன்னோம். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அப்படி ஒரு கேக்கை நாங்கள் அதுவரை செய்ததே இல்லை.

மஸ்கட் கிண்டியவர்களுக்குக் குளூட்டனை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கோதுமை மாவைக் குழைத்து, ஊறவைத்து, தண்ணீருக்குள் பிசைந்து பிசைந்து பால் எடுப்போம் அல்லவா, கடைசியில் ரப்பர் மாதிரி இழுபடும் ஒரு சக்கை கையில் மிஞ்சும். அந்தச் சக்கைதான் குளூட்டன். (அப்படியானால் மஸ்கட் சாப்பிடலாமா என்று கேட்பீர்கள். கூடாது. பாலில் எப்படியும் கொஞ்சம் கலந்திருக்கும்.) ரொட்டி மா வீச வீச விரிவதும், பாண் பொங்கி நிற்பதும் அந்த இழுவையால்தான்.

ஆனால் கேக்குக்கு அந்த இழுவை எவ்வளவு தேவை? இங்கேதான் எங்களுக்கு ஒரு வெளிச்சம். கோதுமைக் கேக் செய்பவர்கள் என்ன சொல்வார்கள்? "மா போட்ட பிறகு கனக்க அடிக்காதீங்க, இறுகிப் போகும்." இன்னும் மெதுமையாக வர, மாவில் கொஞ்சம் கோர்ன் ஃப்ளவர் கலப்பார்கள். இரண்டும் குளூட்டனை அடக்குகிற வேலைதான். அப்படிப் பார்த்தால் அரிசி மாவுக்கு மெதுமை பிறவிக் குணம். அதன் குறை வேறு. பிடிமானம் இல்லை, வெட்டினால் உதிரும். இரண்டாவது, நாக்கில் நறநறக்கும்.

ஒரு சனிக்கிழமை ஓவன் டீச்சர் வீட்டில் மூன்று சின்னத் தட்டில் மூன்று விதமாகச் செய்து பார்த்தோம். கச்சான் காற்று. பட்டர் வெளியே எடுத்ததும் எண்ணெயாகிறது, சட்டியைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்துத்தான் அடித்தோம். முதலாவது வெறும் அரிசி மா. நல்ல மணம், ஆனால் கத்தி பட்டதும் கடற்கரை மணல். இரண்டாவதில் கோர்ன் ஃப்ளவரும் கலந்தோம். மெதுமை கூடியது, நறநறப்பு மட்டும் போகவில்லை. மூன்றாவதற்கு மனைப்பொருளியல் டீச்சர் ஒரு வேலை செய்தார். அரிசி மாவை இளஞ்சூட்டுப் பாலில் கரைத்து அரை மணித்தியாலம் ஊறவைத்தார். "ஆப்பத்துக்கு ஊறப் போடுறோம், கேக்குக்கு மட்டும் ஏன் அவசரம்?" என்பது அவர் வாதம். அரிசி மா மணிகள் தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும், ஊறினால்தான் உள்வரை வேகும். அதோடு பார்மசியில் விற்கும் இசப்கோல் உமி ஒரு தேக்கரண்டி. மலச்சிக்கலுக்குக் குடிப்பார்களே, அதேதான். தண்ணீர் பட்டால் பசையாகி மாவைக் கட்டிப் பிடிக்கும்.

மூன்றாவது கேக் நின்றது. விரலால் அமுக்கினால் திரும்பி எழும்பியது. கோதுமைக் கேக் மாதிரியா என்றால், இல்லை. அதைவிட லேசு, வாயில் சீக்கிரம் கரைகிறது. எங்களுக்கு இதுதான் பிடித்தது. ஓவன் டீச்சரின் வாப்பா மட்டும் "ரவை கேக் மாதிரி வராது" என்றார். ரவையும் கோதுமைதான் வாப்பா என்றதற்கு, "அது வேற இது வேற" என்று எழும்பிப் போய்விட்டார். லவ் கேக் பிரியர்கள் இன்னும் பலர் இப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள், அதனால் எழுதுகிறோம். வட்டிலப்பம் பிரச்சினை இல்லை. தேங்காய்ப் பால், கருப்பட்டி, முட்டை. நோன்புப் பெருநாளைக்கு அந்தப் பிள்ளைக்கு யோசிக்காமல் கொடுக்கலாம், கோதுமை படாத கரண்டியாக இருந்தால்.

கேக்கைவிடச் சமையலறையைத் தயார்ப்படுத்துவதுதான் பெரிய வேலையாக இருந்தது. முதல் நாளிலிருந்து அந்த வீட்டில் கோதுமை மா தொடவில்லை. மா காற்றில் பறந்து மணிக்கணக்கில் நிற்கும். அரிசியை மில்லில் கொடுக்கவில்லை, அதே இயந்திரத்தில் அதற்கு முன் என்ன அரைத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? தம்பலகாமத்துப் பச்சை அரிசியைக் கழுவி, நிழலில் உலர்த்தி, வீட்டில் அரைத்து, மூன்று தரம் அரித்தோம். அரிதட்டு புதிது. பழைய அரிதட்டின் கண்ணில் ஒட்டிய மாவை எப்படித் தேய்த்தாலும் எடுக்க முடியாது. மர அகப்பையும் அப்படித்தான், சில்வர் கரண்டியே போதும். பேக்கிங் பவுடர் டின்னைத் திருப்பி வாசித்தோம். சிலவற்றில் கோதுமை மாச்சத்து இருக்கும், கோர்ன் ஃப்ளவர் என்று எழுதியதைத் தேடி எடுத்தோம். இப்படி வாசிக்கத் தொடங்கியதும் வீட்டு அலுமாரியே வேறாகத் தெரிந்தது. சோயா சோஸில் கோதுமை. மோல்ட் என்று எழுதிய பானம் எல்லாம் வாற்கோதுமை. கடைப் பெருங்காயத் தூளில்கூடப் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கிறது.

வெனிலாவுக்கும் ஒரு வார்த்தை. அசல் வெனிலா எக்ஸ்ட்ரக்ட் என்பது காயை அல்கஹோலில் ஊறவைத்து எடுப்பது. நம் கடைகளில் விற்பது அதிகமும் செயற்கை எசன்ஸ், அதிலும் எதில் கரைத்திருக்கிறார்கள் என்று போத்தலைப் பார்த்து வாங்குங்கள். வெனிலா தூளும் இருக்கிறது. இந்த வெனிலாப் பூவுக்குக் கையால் மகரந்தம் சேர்க்கும் சுலப வழியைக் கண்டுபிடித்தது ஒரு 12 வயதுப் பையன். எட்மண்ட் அல்பியஸ், நம் இந்து சமுத்திரத்தின் ரீயூனியன் தீவில் அடிமையாக இருந்தவன், 1841இல். அவன் வழியில்தான் இன்றும் தோட்டங்களில் வெனிலா காய்க்கிறது. கேக் வெட்டுவதற்கு முன் பிள்ளைகளை அடக்கி உட்காரவைக்க இந்தக் கதைதான் உதவியது.

ஒக்டோபர் 1ஆம் திகதி காலை மூன்று கேக் கொண்டுபோனோம். புதுக் கத்தி, கடதாசித் தட்டு, எல்லோரும் கை கழுவிவிட்டு வரிசை. அந்த மகள் வரிசையில் நிற்கவில்லை. வழமைபோல யன்னல் பக்கக் கதிரையில் இருந்தாள். கூப்பிட்டதும் வந்து, எங்கள் மூவரிடமும் ஒவ்வொருவராகக் கேட்டாள்: "டீச்சர், இதுல கோதும இல்லயா?" மூவரும் இல்லை என்றோம். தட்டை வாங்கி முகர்ந்து பார்த்தாள். சாப்பிடவில்லை. கொரிடோரில் நின்ற உம்மாவைப் பார்த்தாள். உம்மா அரிசி அரைத்ததிலிருந்து எங்களோடு இருந்தவர். தலையை ஆட்டினார். அதற்குப் பிறகுதான் ஒரு மூலையைப் பிய்த்து வாயில் வைத்தாள். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு கூட்டாளிமாரின் மேசைக்குப் போனவள், மணி அடிக்கும்வரை யன்னல் பக்கம் வரவில்லை.

மற்றப் பிள்ளைகளுக்கு அது என்ன கேக் என்ற கவலையே இல்லை, பெரிய துண்டு யாருக்கு என்பதில்தான் சண்டை. கேள்வி கேட்ட அந்த வாப்பாவின் மகன் இரண்டு துண்டு சாப்பிட்டான். பின்னேரம் வாப்பாவே கோல் எடுத்து, அடுத்த மாதம் மகனின் பிறந்தநாளுக்கு இதே கேக் கிடைக்குமா, அந்த மகளையும் கூப்பிடலாமா என்று கேட்டார்.

சரி, செய்முறை. 8 அங்குல வட்டத் தட்டு ஒன்றுக்கு.

வறுக்காத நைஸ் அரிசி மா 150 கிராம், இளஞ்சூட்டுப் பால் 150 மில்லிலீற்றர், இசப்கோல் உமி மட்டமாக ஒரு தேக்கரண்டி. மூன்றையும் கட்டியில்லாமல் கரைத்து மூடி அரை மணித்தியாலம் வையுங்கள். இடியப்பத்துக்கு வறுத்த மா இதற்குச் சரிவராது. பட்டர் 100 கிராம், சீனி 170 கிராம், வெள்ளையாகும்வரை அடியுங்கள். முட்டை 3, ஒவ்வொன்றாக. சமையல் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, வெனிலா 2 தேக்கரண்டி. ஊறிய மாவைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து அடியுங்கள். இதில் பயமில்லாமல் அடிக்கலாம், இறுகுவதற்குக் குளூட்டன் இல்லையே. கடைசியாக, கோர்ன் ஃப்ளவர் 50 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, மூன்றையும் சேர்த்து அரித்துப் போட்டுக் கலந்து உடனே ஓவனில் வையுங்கள். 175 பாகை, 35 முதல் 40 நிமிடம். ஈர்க்கு குத்திப் பார்த்தால் ஒட்டக்கூடாது.

10 நிமிடம் தட்டிலேயே விட்டுக் கவிழ்த்து, முழுதாக ஆறிய பிறகு வெட்டுங்கள். சூட்டில் வெட்டினால் உதிரும். பிரிட்ஜில் வைக்காதீர்கள், பழஞ்சோறு பிரிட்ஜில் விறைப்பதுபோல இதுவும் விறைக்கும். அன்றே சாப்பிடுவது நல்லது. மிஞ்சினால் துண்டு துண்டாகச் சுற்றி பிரீஸரில் போட்டு, தேவையானபோது எடுத்துச் சூடுகாட்டலாம்.

கேக் தட்டு வேண்டுமானால் வாங்கிக்கொண்டு போங்கள், மிக்சரும் தரலாம். அந்தப் புது அரிதட்டை மட்டும் யாரும் இரவல் கேட்காதீர்கள்.